எந்தப் பாடம் கொடுத்தாலும்

அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. ஆனாலும் அந்த ஒரு கடிதத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெற்ற தகப்பனைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

அறுபதுகளின் ஆரம்பம். ஜாலான் புசார் தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். பள்ளிப் படிப்பு முடிந்த சமயம், நூலகத்தில் ஒரு அமெரிக்கக் கல்லூரியின் கையேடு கையில் கிடைத்தது. அங்கே முதல் இரண்டு வருஷம் எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் எடுக்கலாமாம். காலையில் தாவரவியல், மத்தியானம் நாடகம். பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் கணக்கு வருமா வராதா என்று பார்த்து அறிவியல் பக்கமோ கலைப் பக்கமோ தள்ளிவிடுவார்கள், கடைசிவரை அங்கேயே கிடக்க வேண்டும். அப்படி வளர்ந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மதிப்பெண் இருந்தால் முழு உதவித்தொகையும் உண்டு. என்னிடம் இருந்தது.

அவர்கள் கேட்டது ஒரே ஒரு கடிதம். என்ன படிக்க ஆசை, ஏன்?

நாலு பக்கம் எழுதினேன். கால்வாய்ச் சுவர் சிமெண்டில் முளைத்த ஆலங்கன்று எதைத் தின்று வாழ்கிறது என்று தெரிய வேண்டும். சீனர்கள் தெருவில் போடும் வாயாங் கூத்தைப் பார்த்து, ஒரு வார்த்தைகூடப் புரியாமல் நான் ஏன் அழுதேன் என்றும் தெரிய வேண்டும். இப்படியெல்லாம் எழுதினேன்.

அப்பா ஒரு ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். "டைப் அடிச்சு நானே தபால்ல சேர்த்துடறேம்மா" என்று வாங்கிப் போனார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றனவாம். ஆனால் எந்தப் பாடம் கொடுத்தாலும் படிப்பேன் என்று எழுதியிருக்கிறேனாம். தங்கள் கல்லூரி தானாகத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர்களுக்கானதாம்.

நான் எங்கே அப்படி எழுதினேன்? அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டேன். அவர் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கார்பன் நகலை எடுத்துப் பெருமையாக நீட்டினார். ஒரே பக்கம். 'எனக்கென்று தனி விருப்பம் ஏதுமில்லை. தாங்கள் எந்தப் பாடம் கொடுத்தாலும் பணிவோடும் நன்றியோடும் படிப்பேன்.'

"நான் எழுதினது எங்கப்பா?"

"அதை எப்படிம்மா அனுப்பறது? பெரிய இடத்துல போய் எனக்கு இது வேணும் அது வேணும்னு கேட்டா, திமிர் பிடிச்ச புள்ளன்னு நினைப்பாங்க லா."

அவர் வேலையில் சேர்ந்ததே அப்படி ஒரு மனு எழுதித்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்தென்ன, வயிறு எரிந்தது எரிந்ததுதான். அந்த வருஷ உதவித்தொகையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம்வரை என்னைச் சும்மா உட்கார வைக்க வீட்டில் யாரும் தயாராக இல்லை.

மறு வாரம் அப்பா அதே கடிதத்தில் 'பாடம்' என்ற இடத்தில் 'வேலை' என்று மாற்றி ஒரு கப்பல் கம்பெனிக்கு அனுப்பினார். திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் அங்கேதான் குப்பை கொட்டினேன்.

முதல் நாள் பெரிய கிராணி என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கே. நீயே எழுதினதா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.