சாட்சிக்குக் கூலி ஒரு போத்தல் மீன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. தமிழ்ப் பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தார்: "கனடாவில இருந்து ஒரு விருந்தாளி வந்திருக்கிறா. கொஞ்ச நேரம் பேசுவா. எல்லாரும் இருந்து கேட்டுப்போட்டுப் போங்கோ."

கனடா என்ற ஒரு சொல் போதாதா நம் ஆட்களுக்கு? ஸ்பொன்சர் எப்படிப் போடுவது, நம் சனம் நிறைந்த ஸ்காபரோவில் வீடு என்ன விலை, தம்பியின் கேஸ் ஏன் இழுபடுகிறது… ஆளுக்கொரு கேள்வியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கமாகக் கடைசிப் பாட்டு முடியுமுன்னே கார் பார்க்குக்கு ஓடுகிறவர்கள்கூட அன்று முன்வரிசையில்.

என்னைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் மனோர் பார்க் முருகன் கட்சி. ஈப்போவில் பிறந்து, படிக்க வந்த இடத்தில் மன்னார்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டதால் அவ்வப்போது மாதா கட்சிக்கும் போகிறேன். மண்டபத்தில் தருகிற மீன் ரோல்ஸ்தான் காரணம் என்று என் கணவர் அன்ரன் சொல்வார். அதில் பொய் இல்லை.

அன்ரனின் வேலையைப் பற்றி நான் இங்கே எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு என்ஜினியரிங் ஆபீஸ். எந்தக் குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பது. அவ்வளவுதான். ஆனால் சில மாதங்களாக அந்த ஆபீஸ் கனடாவில் ஒரு பெரிய எண்ணெய்க் குழாய் வேலையைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தது. கிடைத்தால் இவருக்குப் பதவி உயர்வு. நான் புது சமையலறைக்கு கேட்டலாக் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

விருந்தாளியின் பெயர் லொரேன். ஐம்பது வயதிருக்கும். கனடாவின் மேற்குக் கரையில், ஆறு கடலோடு சேரும் இடத்தில் ஒரு பழங்குடிக் கிராமம். அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அவர் வாயைத் திறக்குமுன்னே ரோஸ்மேரி அக்கா எழும்பிவிட்டார். பங்கில் அவரைத் தாண்டித்தான் எதுவும் நடக்கும்.

"ஸ்காபரோவில இருந்து உங்கட இடம் எவ்வளவு தூரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

லொரேன் கொஞ்சம் யோசித்தார். "லண்டனிலிருந்து ஸ்காபரோவுக்கு வருகிற தூரத்தில் பாதிக்கு மேல்."

ஸ்பொன்சர் விஷயத்துக்கு இந்த அம்மாள் உதவமாட்டார் என்று மண்டபத்துக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் எழும்பவில்லை. ரோல்ஸ் இன்னும் வரவில்லையே.

அவர் பேசினார். எண்ணெய் மணலைத் தோண்டுகிற இடத்திலிருந்து மலைகளைக் கடந்து, காடுகளைக் கடந்து, கடல்வரை ஒரு குழாய் வரப்போகிறதாம். அங்கிருந்து கப்பல் ஏற்றுவார்களாம். குழாய் ஓர் இடத்தில் வெடித்தால் போதும், ஆற்றில் மீன் இல்லை. மீன் இல்லையென்றால் அவர்கள் ஊரும் இல்லை. பணம் போடுகிறவர்களில் பலர் லண்டனில் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து 'மாட்டோம்' என்று சொல்லவே லொரேனை ஊரார் அனுப்பியிருக்கிறார்கள்.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அன்ரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே குழாய்.

அந்த 'மாட்டோம்' எப்படிச் சொல்லப்பட்டது என்று லொரேன் விவரித்தார். அவர்கள் ஊர் விருந்து மண்டபத்தில் எல்லாக் குடும்பமும் கூடும். ஒவ்வொரு குடும்பத் தலைவரும் எழுந்து பேசுவார். யாரும் குறுக்கே பேசக்கூடாது. எத்தனை நாள் ஆனாலும் சரி, கடைசி ஆள் பேசி முடியும்வரை முடிவு இல்லை. எங்கள் ஃபிளாட் சங்கக் கூட்டத்தில் ஒரு ஆள் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்து நான் பார்த்ததில்லை. ஒரு ஊரே இப்படிப் பொறுமையாகக் கோபப்பட முடியுமா? எனக்கு அப்போதே கொஞ்சம் மலைப்புத் தட்டியது.

பிறகு அவர் கண்களை மூடிக்கொண்டார். குழாய் எந்தெந்த ஆற்றைக் கடக்குமோ, அந்த ஆறுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். கையில் படம் இல்லை. ஒரு பெயர்… ஒரு மூச்சு. அடுத்த பெயர்… ஒரு மூச்சு. என் நாக்கில் நிற்காத பெயர்கள்.

நாலாவதோ ஐந்தாவதோ பெயருக்குப் பின்னால் வந்த அந்த இடைவெளியில், பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

மாதா பிரார்த்தனை சொல்லிச் சொல்லியே வளர்ந்த கூட்டம் இது. ஒருவர் பெயர் சொல்லி நிறுத்தினால் இவர்கள் வாய் சும்மா இருக்குமா? அடுத்த ஆற்றுக்கு நாலைந்து பேர். அதற்கடுத்ததற்கு முழு மண்டபமும். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். லொரேனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் நிறுத்தவில்லை. குரல் மட்டும் லேசாக மாறியது. அவர் ஆற்றின் பெயரைச் சொல்ல, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்தவர்கள் இல்ஃபோர்டில் இருந்துகொண்டு பதில் சொல்ல… எனக்குச் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. முருகன் கட்சிக்காரி நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் லொரேன் ஒரு சூட்கேஸைத் திறந்தார். உள்ளே துணி சுற்றிய சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள். புகையில் வாட்டிய சால்மன் மீன். ஒன்றை எடுத்து முன்வரிசையில் ரோஸ்மேரி அக்காவிடம் நீட்டினார்.

நம் ஆட்கள் நீட்டியதும் வாங்கிவிடுவார்களா? மூன்று தடவை மறுக்காமல் வாங்கினால் நம் மரியாதை என்ன ஆவது? "நோ, நோ, யூ கீப்," என்றார் அக்கா, நெஞ்சில் கைவைத்து. அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். "பாவம், எவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்திருக்கிறா" என்று தங்களுக்குள் பரிவு வேறு.

லொரேன் வற்புறுத்தவில்லை. போத்தலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எங்கேயோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

"இது அன்பளிப்பு இல்லை," என்றார் மெதுவாக. "கூலி. எங்கள் ஊரில் முக்கியமான விஷயம் பேசும்போது வெளியூரார் சாட்சியாக வந்து உட்காருவார்கள். கேட்டதற்குக் கூலி கொடுப்போம். வாங்கினால் வேலை உண்டு. நாங்கள் சம்மதித்துவிட்டோம் என்று யாராவது, எங்கேயாவது சொன்னால் நீங்கள் எழுந்து, இல்லை, நான் கேட்டேன் என்று சொல்லவேண்டும். சாகும்வரை. வாங்காவிட்டால்… எங்களை நீங்கள் கேட்கவே இல்லை என்று அர்த்தம்."

மரியாதைக்கு வேண்டாம் என்றவர்கள் இப்போது நிஜமாகவே யோசித்தார்கள்.

என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அன்ரன் எழுந்துகொண்டிருந்தார். ஆபீஸில் ஜன்னலைத் திறக்கச் சொல்லவே கூச்சப்படுகிற மனிதர். நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"என்னங்க, உக்காருங்க. அது உங்க ஆபீஸ் குழாய்ங்க."

"தெரியும். நீர் சட்டையை விடும்," என்றார்.

நடந்து போனார். இரண்டு கையாலும் வாங்கினார், நற்கருணை வாங்குகிறவர் போல. அவருக்குப் பின்னால் ரோஸ்மேரி அக்கா. "மீன் இல்லாட்டி ஊர் இல்லை எண்டு கடற்கரைச் சனத்துக்குச் சொல்லித் தரவேணுமே?" என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். அப்புறம் வரிசை. போத்தல் தீரும்வரை.

காரில் நான் சும்மா வருவேனா? "எல்லாரும்தான் வாங்கினாங்க. அவங்க யாரும் குழாய்க் கம்பெனில வேலை செய்யலையே. மோர்ட்கேஜ் யாரு கட்டறது?"

"கேட்டாச்சு. இனிக் கேக்கேல்ல எண்டு சொல்ல ஏலாது," என்றார்.

அந்த வாரமே சாட்சி வேலை வந்துவிட்டது. வியாழக்கிழமை அவர் ஆபீஸில் கூட்டம். திரையில் அந்தக் கனடா வேலை. கடைசியில் ஒரு வரி: வழியிலுள்ள பழங்குடிச் சமூகங்கள் பெரும்பாலும் ஆதரவு. அடுத்த படத்துக்குப் போகும்போது இவர் கையை உயர்த்தியிருக்கிறார்.

"நான் சொன்னனான், அது பிழை எண்டு," என்றார் அன்று இரவுச் சாப்பாட்டில். "ஆர் உமக்குச் சொன்னது எண்டு மனேஜர் கேட்டவர். அவையே சொன்னவை, எங்கட சேர்ச் ஹோலில எண்டன். எல்லாரும் சிரிச்சவை."

"அப்புறம்?"

"பிறகு ஆறுகளைச் சொன்னன்."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன். "எல்லாத்தையுமா?"

"ஓம். ஒவ்வொண்டுக்கும் பதில் சொன்னனான்தானே, மனசில நிண்டிட்டுது. எங்கட வரைபடத்தில அதுகளுக்கு வெறும் நம்பர்தான். நான் பேரைச் சொல்லச் சொல்ல, ஆரோ ஒராள் நம்பரோட ஒத்துப் பாக்கத் தொடங்கினவர். வரிசை பிசகேல்ல. பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்ல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதரை நான் ஒருநாள்கூட இப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டையும் மறைத்துக்கொண்டு குழம்பு ஊற்றினேன்.

அந்த வரியை எடுத்துவிட்டார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை. அன்ரனைத்தான் எடுத்துவிட்டார்கள். இப்போது பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் கழிவுநீர்க் குழாய்க்குக் கணக்குப் பார்க்கிறார். பதவி உயர்வு இல்லை, புது சமையலறையும் இல்லை. வேலை போகவில்லையே என்று நான் முருகனுக்கு ஒரு அர்ச்சனை வைத்தேன். கனடாவில் அந்தக் குழாய் வருமா வராதா, இதை எழுதுகிற வரையில் யாருக்கும் தெரியாது. கனடாவில் அவர்களோடு சேர்ந்து எதிர்க்கிறவர்கள் பெருகுகிறார்கள் என்று படிக்கிறேன். அந்த ஊரை நாங்கள் பார்க்கப்போவதே இல்லை.

அன்ரனுக்கு வருத்தம் ஏதும் இல்லை. வாங்கிய கூலிக்கு வேலை செய்தாயிற்று என்கிறார். நானோ, அன்று அந்தப் போத்தலைத் தொடவே இல்லை. இரண்டு பேரில் ஒருவராவது சம்பளத்தைக் காப்பாற்ற வேண்டாமா என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியும் அவர்கள் சம்மதிக்கவில்லை என்று முருகன் கோயில் வாசலில் சொன்னேன், பல் டாக்டரிடம் சொன்னேன், ஈப்போவுக்கு போன் போட்டு அக்காவிடம் சொன்னேன், இதோ உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

கூலி வாங்காமலே இந்த வேலையைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான்.