பாறைக்குள் போன மீன்

கடல் மீன் தொட்டி வைத்துக் கொடுக்கிறவனுக்கு மீன் கேட்டு வரும் போனைவிட, மீனைக் காணோம் என்று வரும் போன்தான் அதிகம். வீட்டில் தொட்டி வைத்து மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு இது புரியும்.

பன்னிரண்டு நாள்

தஞ்சாவூரில் நான் அமைத்த முதல் உப்புத்தண்ணீர்த் தொட்டி ராகவன் சார் வீட்டில்தான். பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இருந்த நிலமெல்லாம் கைமாறி, டவுனுக்கு வந்துவிட்ட குடும்பம். 'மரைன் பெட்டா' என்ற மீனை ஆசைப்பட்டு வாங்கினார். கருப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் பொட்டு, பார்க்க அத்தனை அழகு. ஆனால் மகா கூச்சம். தொட்டியில் விட்டதும் பாறை இடுக்கில் புகுந்ததுதான், பன்னிரண்டு நாளாக ஆளைக் காணோம்.

செத்துவிட்டது என்று சார் முடிவே கட்டிவிட்டார். செத்திருந்தால் இந்த ஊரில் இனி எவரும் என்னிடம் தொட்டி கேட்கப்போவதில்லை. "கூச்சம் சார், வந்துடும்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. சார் கேட்டார்: "ஏம்ப்பா, பொண்ணு பார்க்கப் போனா கூட பொண்ணு இவ்வளவு நேரம் உள்ள உக்கார மாட்டாளே?"

பொரி உபசாரம்

சாரின் மனைவி வசந்தா அம்மா சுத்த சைவம். மீன் தீனிக்கென்று நான் கொடுத்து ஃப்ரீசரில் வைத்திருந்த இறால் டப்பாவை சார் மட்டும்தான் தொடுவார். அவர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன அன்று, அம்மா மனசு கேட்காமல் இரண்டு கை பொரி அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டார்.

மறுநாள் நான் போனபோது தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கி நாற ஆரம்பித்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது. "கோயில் குளத்துல போட்டா ஓடியாந்து திங்குதுங்களே தம்பி. இது பட்டினியா கெடக்குமேன்னுதான்..."

மறியலில் எட்டு கேன்

விடிந்ததும் தரங்கம்பாடி போய் எட்டு கேனில் கடல் தண்ணீர் பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கும்பகோணம் வருவதற்குள் மறியல். காவிரியில் தண்ணீர் விடச் சொல்லி, காய்ந்த நாற்றும் கையுமாக விவசாயிகள் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போய் நான் வேன் நிறையத் தண்ணீரோடு நிற்கிறேன்!

ஒரு பெரியவர் கேனைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "கடல் மீனுக்குங்க. இன்னிக்கே மாத்தலைன்னா செத்துடும்" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அடி விழும் என்றே நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "எங்க நாத்துதான் கருகுது, அதாச்சும் பொழைக்கட்டும். வண்டிக்கு வழிய விடுங்கப்பா!"

கரண்ட் போன மதியம்

பாதித் தண்ணீரை மாற்றி முடித்த நேரம் கரண்ட் போய்விட்டது. அந்த வருடங்களில் அது தினப்படி சமாசாரம். பம்பு நின்றால் தண்ணீரில் காற்று கலக்காது. நான் பதறிப்போய்ச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்து தொட்டி இருட்டியதும், இடுக்கிலிருந்து கருப்பாக ஒன்று மெல்ல வெளியே வந்து ஒரு சுற்று சுற்றியது. இத்தனை நாளும் அதைப் பயமுறுத்தியது நான் மாட்டிவிட்ட, வீடு தூங்கும்வரை எரிந்த பெரிய லைட்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த சார் போட்ட கூச்சலில் அது சட்டென்று தலையைப் பொந்துக்குள் செருகிக்கொண்டது. "பாரு, பாரு, கண்ண முழிச்சு நம்மளயே பார்க்குது!" என்றார். "சார், அது பின்பக்கம். எதிரியை ஏமாத்த அங்க கண்ணு மாதிரி ஒரு புள்ளி இருக்கும்" என்றேன். வசந்தா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எந்தப் பக்கமா இருந்தா என்னங்க, உசிரோட இருக்குல்ல!"

மின்வெட்டுக்காக அரசாங்கத்தைத் திட்டாத ஒரே ஆள், அன்றைய தஞ்சாவூரில் நானாகத்தான் இருக்கும்.