அத்தான் எறிந்த கம்பி

வீட்டில் அமெச்சூர் ரேடியோ நிலையம் வைக்கத் தேர்வெழுதி உரிமம் வாங்கியவள் நான். ஆனால் ஆன்டெனா கட்டக் கிளம்பியவர், குவைத்தில் கடை வைத்திருந்த என் அக்காள் கணவர். நைலான் கயிற்றில் கல்லைக் கட்டித் தென்னைமேல் எறிந்து, பிறகுதான் ஆன்டெனாவான செம்புக் கம்பியை அந்தக் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டும் என்றேன்.

"கயிறு எதுக்கும்மா? குவைத்துல நான் பாக்காத டவரா?" என்று செம்புக் கம்பியிலேயே கல்லைக் கட்டி எறிந்தார். கல் மரத்தைத் தாண்டி, வயல் மோட்டாருக்குப் போகும் மின்கம்பிமேல் விழுந்தது. செம்புக் கம்பியின் மறுமுனை அவர் கையில். நல்லவேளையாக அப்போது மின்வெட்டு.

"கரண்ட் இல்லன்னு தெரிஞ்சுதான் எறிஞ்சேன்" என்றார், வியர்த்துக்கொண்டே.

இப்போது மின்கம்பியே இல்லாத கொல்லைப்பக்கத்தில் ஆன்டெனா கட்டியிருக்கிறேன். காற்றில் அறுந்தால், அத்தானை முதலில் டீக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் கயிற்றை எடுக்கிறேன். அங்கே டவர் கட்ட அவருக்கு வாய் போதும்.