பார்வோனிடம் கேட்டுச் சொல்கிறேன்

தவக்காலத்தில் செவ்வாய்தோறும் நாங்கள் குடியேறிய பிரெஞ்சு நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் கோயிலின் கீழ்மண்டபத்தில் வேதாகம வகுப்பு நடக்கும். நானும் மனைவியும் போவோம். அந்த வருடம் விடுதலைப் பயணம் என்ற நூலை வாசித்தோம்; எகிப்து அரசன் பார்வோன் அடிமைகளைப் போகவிடாத கதை. நடத்தியவர் டவுன்டவுனில் ஒரு நூலகத்தில் வேலை செய்யும் அக்கா. எந்தச் சொல்லையும் வேர்வரை தோண்டாமல் விடமாட்டார்.

"பார்வோன் எண்டது ஆளின்ரை பேர் இல்லை," என்றார் அன்று. "பழைய எகிப்து மொழியிலை பெர்-ஆ. பெர் எண்டால் வீடு, ஆ எண்டால் பெரிய. பெரிய வீடு."

முதலில் அது அரண்மனையை மட்டும்தான் குறித்ததாம். அரசனைச் சொல்லவேண்டிய இடத்திலும் மரியாதைக்கு அரண்மனையையே சொல்லிச் சொல்லி, பல நூறு ஆண்டுகளில் வீடே ஆளாகிவிட்டது. பிறகு எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் போய், வாய்க்கு வாய் தேய்ந்து, எங்கள் வேதாகமத்தில் பார்வோனாக வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்குப் பின்னால் இருந்த பாடகர் குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். ஒரு மாதமாக என்னைக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு முறையும் என் பதில் ஒன்றுதான்: "வீட்டிலை கேட்டுச் சொல்லுறன்."

"அப்ப அண்ணையும் ஒரு மாதமாப் பார்வோனிட்டைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறார்," என்றார்.

மண்டபமே சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"என்னட்டை என்ன கேட்டனீங்கள்?"

கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு. நாலு பேர் முன்னால் பாட எனக்குக் கூச்சம். அதை மறைக்க வீட்டை இழுத்துவிட்டிருந்தேன். அவள் காதோடு உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"வாற ஞாயிறு தொடக்கம் வருவார். பார்வோன் சொல்லிப் போட்டுது."

திரும்பும்போது மெட்ரோவில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு நாளும் என்னைச் சாட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள்," என்றாள். குரலில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நானும் ஒண்டு சொல்லோணும். கார்தெரியிலை பின்னேரமும் நிண்டு பிள்ளையளைப் பாக்கச் சொல்லிக் கேட்டால், வீட்டிலை அவர் விடமாட்டார் எண்டுதான் சொல்லுறனான்."

"எவ்வளவு காலமா?"

"வேலைக்குச் சேர்ந்த நாள் தொடக்கம்."

போன நத்தார் பண்டிகைக்கு அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் விருந்து வைத்தார்கள். அவளோடு வேலை செய்யும் பெண்கள் அவளை நோயாளியைப்போலத் தாங்கினார்கள். என்னிடம் யாரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. புறப்படும்போது வயதான ஒரு பெண்மணி என் கையைப் பற்றி, அவளுக்கும் கொஞ்சம் சுதந்திரம் வேண்டும் என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை; அந்தச் சொற்கள் இப்போதுதான் விளங்கின. அன்று வாழ்த்துகிறார் என்று நினைத்து, மலர்ந்த முகத்தோடு "மெர்சி, மெர்சி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.