எட்டு டாஸ்க்

அலுவலகத்தில் அவளை 'ரெக்கவரி மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்துச் சில நாள் ஒதுங்கிப் போவதும் உண்டு. அவள் மீட்பது கடனை அல்ல, நோயாளிகளின் விவரங்களை. பெரிய மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத குளிர் அறையில், மெயின்ஃபிரேம் எனும் பழைய பெருங்கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதிலிருந்த டேட்டாபேஸில்தான். அது பழுதானால் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரும் ஜாப்களை, அதாவது மெஷினுக்கான கட்டளைத் தொகுப்புகளை, எழுதி வைப்பது அவள் பொறுப்பு.

வீட்டில் அண்ணன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு தங்கை வீட்டோடு வந்துவிட்டார். வாரத்தில் சில நாள் அதே மருத்துவமனையில் டயாலிசிஸ். "நீ கீழ மெஷினக் கழுவு, நான் மேல ரத்தத்தக் கழுவுறேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தகவல் திரும்பி வந்துவிட்டால் மட்டும் மீட்பு முடிந்துவிடாது. ஒரு நோயாளியின் எண்ணைத் தட்டியதும் அவருடைய விவரம் திரையில் வர வேண்டுமானால், எது எங்கே இருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கான எண்களை வரிசைப்படுத்தியாக வேண்டும். அந்தச் சார்ட் வேலையை ஒரே நேரத்தில் ஓடும் எத்தனை டாஸ்க்காகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மெமரி, டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று சொல்லி வைப்பதில்தான் சூட்சுமம். குறைத்தால் ஊர்ந்து போகும். கூட்டினால் ஆளாளுக்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் போதாமல் நின்றுவிடும். அவள் மூன்று என்று வைத்திருந்தாள்.

"எட்டாப் பிரிச்சா என்ன மேடம்? மீட்பு நேரத்தக் குறைங்கன்னு மேல இருக்கவங்க உசிர வாங்குறாங்க" என்றார் மேனேஜர்.

அவள் எட்டாக மாற்றினாள். ஒரு விடுமுறை நாளில் மீட்பு ஒத்திகை வைத்தார்கள். எட்டு டாஸ்க்கும் பறந்தன. எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். படியேறும்போது மேனேஜரை நிறுத்தினாள்.

"இன்னிக்கு மெஷின் சும்மா கெடந்துச்சு சார். வேலை நடக்குற நேரத்துல இப்படி ஓடுமா?"

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்படிப் பேசுறீங்க?"

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. எட்டு, எட்டாகவே இருந்தது.

அடுத்த சில வாரங்களில் தகவலைச் சேமித்து வைக்கும் ஒரு டிஸ்க் பெட்டியிலிருந்து எச்சரிக்கைகள் வந்தன. மாற்றுப் பெட்டிக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு எச்சரிக்கை வருவதே நின்றுபோனது. தானாகச் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் நிம்மதியானார்கள். அவளுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

வார்டுகளில் கூட்டம் நெரியும் ஒரு முற்பகலில் அந்தப் பெட்டி படுத்துவிட்டது. மேலே ஒவ்வொரு தளமாகத் திரைகள் வெறுமையாயின. அவள் மீட்பு ஜாபை ஓட விட்டாள். பேக்கப்பிலிருந்து தகவல் ஒழுங்காகத் திரும்பி வந்தது. சார்ட் தொடங்கியது. திரையில் எண்கள் சிறிது நேரம் ஓடின, தயங்கின, அப்படியே நின்றன.

கைபேசி அடித்தது. மேலே டயாலிசிஸ் கட்டிலிலிருந்து அண்ணன்.

"ஏம்மா, எனக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு நர்ஸ் கேக்குறாங்க. பேரு வாய்ல வரமாட்டேங்குது."

அவள் சொன்னாள். அவர் அதை நர்ஸிடம் உரக்கத் திருப்பிச் சொல்வது கேட்டது.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவரு. அவருகிட்டயும் கேட்டாங்க. அவருக்குப் பேச்சே வராது போல. கூட ஆளும் இல்ல. காய்ச்சல் வேற கொதிக்குது."

அவள் போனை வைத்துவிட்டு மேனேஜரிடம் திரும்பினாள். "சார், ஜாபை நிறுத்தணும். எட்டும் இடத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. மூணா மாத்தி சார்ட்ட மறுபடி ஆரம்பிக்கிறேன்."

"பாதி வந்துருச்சேம்மா!"

"பாதி வரல சார். பாதியில நிக்குது."

"இன்னும் கொஞ்சம் பாத்துருவோமே."

பார்த்தார்கள். அவரும் வியர்த்துப்போயிருந்தார், வேண்டுமென்று மறுக்கவில்லை, பயந்திருந்தார். எண்கள் அசையவில்லை. கடைசியில் அவள் அவரைக் கேட்காமலேயே ஜாபை நிறுத்தினாள். டாஸ்க்கை மூன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் இடத்தைத் தனியாக ஒதுக்கி, மறுபடி ஓட விட்டாள். எண்கள் மெல்ல நகர்ந்தன. ஆனால் நிற்கவில்லை.

திரைகளுக்கு உயிர் வந்தபோது பிற்பகலாகிவிட்டது. அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"எனக்கொண்ணும் இல்ல" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பெரியவருக்குத்தான்... காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க. போட்டதும் உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுக்க ஆரம்பிச்சுருச்சு. தூக்கிட்டு ஓடினாங்க."

மறுநாள் பெரியவர் இறந்துபோனார். அந்த ஊசி அவருக்கு ஆகாது என்பது டேட்டாபேஸில் தெளிவாக இருந்தது.

விசாரணைக் கூட்டத்தில், டிஸ்க் பழுது, மீட்பு வெற்றி என்று முடிக்கப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"தாமதத்துக்கு டிஸ்க் மட்டும் காரணமில்ல. எட்டுன்னு வச்சது காரணம். வச்ச கை என்னுது. சும்மா கெடந்த மெஷின்ல ஓடுனதப் பாத்து நாம எல்லாருமே நம்பிட்டோம்."

மேனேஜர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்க சொன்னதையும் சேத்துக்குங்க. மாத்தச் சொன்னது நான்" என்றார்.

அதன்பின் வேலை நேரத்திலேயே ஒத்திகை வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "நாளைக்கு நான் கட்டில்ல இருக்குற நேரத்துலயா வைக்கிறீங்க?"

"ஆமாண்ணா."

"ஓடும்ல?"

"போன தடவையும் ஓடும்னுதான் நெனச்சோம்."

அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மூன்று டாஸ்க்கும் நிதானமாக ஓடி முடிந்தன. மேனேஜர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். அவள் மட்டும் எழவில்லை. கண்ணாடிக்கு அப்பால் டிஸ்க் பெட்டிகள் வரிசையாக நின்றன. செத்துப்போன பெட்டியின் இடத்தில் மட்டும் புதிது வந்திருந்தது. மற்றவை எல்லாம் அந்தச் செத்த பெட்டியோடு ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றிலிருந்தும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.