ஆடாத கை

அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவே இல்லை. அறுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. போனைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். புதுச்சேரி உழவர்கரையில் இருக்கும் என் செல்போன் சர்வீஸ் கடைக்கு ஒரு மத்தியானம் வந்தார்.

"இது கம்பெனிப் பூட்ட ஒடச்சு ரூட் பண்ண போன் தம்பி. அப்டேட் போடணும். கொஞ்சம் இருங்க, ஒண்ணு சொல்லணும்..."

அவர் முடிப்பதற்குள் அப்டேட்டை அழுத்திவிட்டேன். பதினைந்து வருஷத் தொழில் கொடுத்த திமிர். போன் அணைந்தது. அதன்பிறகு கம்பெனிப் பெயர் மட்டும் வந்து வந்து மறைந்தது. ரூட் செய்த போனில் நேராக அப்டேட் போடக் கூடாதென்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்க பையன்தான் ரூட் பண்ணி வச்சாரா? உள்ள இருந்ததெல்லாம் போச்சேம்மா!"

"நாந்தான் பண்ணேன். ஒண்ணும் போவாது." பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார்ஜ் போடுற எடம் லூசா இருக்கு. சாஃப்ட்வேர் ஏத்தும்போது கேபிள் ஆடுனா போன் செத்துடும். எனக்குக் கை நடுங்கும். நீங்க கேபிளப் புடிச்சா போதும். அதுக்குத்தான் வந்தேன்."

கடைக் கேபிளைச் செருகிப் பிடித்தேன். நடுங்கும் விரல்களால் அவர் லேப்டாப்பில் கட்டளைகளை வரிவரியாகத் தட்டினார். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. பத்து நிமிடத்தில் போன் எழுந்தது. புகைப்படங்கள்கூட அப்படியே இருந்தன.

வாசலில் திரும்பி, "மெர்சி தம்பி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "அடுத்த தடவ வேற ஆளப் பாத்துக்கறேன். என் கையவிட உங்க கைதான் அதிகமா ஆடுச்சு. போன் தப்பிச்சதே பெருசு."

குனிந்து பார்த்தேன். கேபிளை நான் இன்னும் விடவில்லை. அதன் நுனி ஆடிக்கொண்டே இருந்தது.