சீட் கவருக்கு அடியில் கிடந்த பெல்ட்

என்னோடு சேர்ந்து முழங்கால் போடுகிற சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை என் அண்ணன் எபினேசர் ஏற்கெனவே சபையில் சொல்லிவிட்டான். கைதட்டலும் வாங்கிவிட்டான். ஆனால் அவன் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கோபத்தோடுதான் சொல்கிறேன். ஆண்டவருக்கு என் கோபம் புதிதல்ல.

சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு பிப்ரவரியில் அண்ணன் பெரிய வண்டி எடுத்தான். ஏழு பேர் உட்காருகிற எஸ்.யூ.வி. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் அது திரும்பவே திணறியது. பாஸ்டர் ஐயா வந்து ஜெபித்து, நான்கு சக்கரத்துக்கும் பானட்டுக்கும் எண்ணெய் பூசினார். அன்று சாயங்காலமே அண்ணன் அதைக் கடைக்கு ஓட்டிப்போய் வெள்ளை ரெக்சின் சீட் கவர் போட்டான். பின்சீட்டு பெல்ட்டெல்லாம் வெளியே தொங்கினால் அசிங்கமாக இருக்கிறதாம். கடைக்காரன் அவற்றை மடித்துத் திணித்து, மேலே கவரை இழுத்துத் தைத்துவிட்டான். நம் பக்கத்தில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன. டிரைவர் சீட்டு பெல்ட் வெளியே இருந்தது. அதை அண்ணன் தொட்டதே இல்லை.

நான் துறைமுகத்தில், வெளிநாடு போகிற கார்களைக் கப்பலுக்குள் ஓட்டி ஏற்றுகிற டிரைவர். அண்ணன் எடுத்த அதே மாடல், ஏற்றுமதிக் கார்களை நிறுத்திவைக்கிற எங்கள் யார்டு வழியாகவும் போகும். பார்க்க ஒரே வண்டி. ஆனால் கப்பல் ஏறுகிறதில் ஏர்பேக் உண்டு, அண்ணன் வண்டியில் கிடையாது. நம் உயிர் என்ன மட்டமா? எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

அந்த மாதம் யார்டில் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். ஒரு இன்ஜினியர் டிவியில் படம் போட்டுக் காட்டினார். அதே மாதிரி ஒரு குடும்ப வண்டியைச் சுவரில் கொண்டுபோய் மோத விடுகிறார்கள். உள்ளே மனுஷனைப் போலப் பொம்மைகள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கி வண்டி நின்றுவிட்டது. பின்சீட்டில் பெல்ட் போட்ட பொம்மை இருந்த இடத்திலேயே இருந்தது. பெல்ட் போடாத சின்னப் பொம்மை பறந்தது. முன்சீட்டை இடித்துக்கொண்டு கண்ணாடி வரைக்கும் போனது. பிள்ளை அளவுப் பொம்மை அது. என் கண்ணுக்கு அண்ணன் மகள் ஜெசிதான் தெரிந்தாள். பதினொரு வயது. முன்னால் இருக்கிற இரண்டு சீட்டையும் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்றபடியேதான் வருவாள்.

வேலை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, அந்தக் கவர கிழிச்சி பெல்ட்ட வெளில எடு. புள்ள நின்னுகினு வருது. எங்கனா மோதுனா பேஜாராப் பூடும்."

"டேய், எண்ணெ பூசுன வண்டிடா இது. இன்னா வெயிட்டு கீது தெரியுமா? நம்ம மேல மோதறவன்தான் சாவான்."

"வண்டி நின்னுடும்ணே. உள்ள கீறவன் நிக்க மாட்டான். யார்டுல பொம்மய வெச்சி மோதிக் காட்டுனாங்க, பெல்ட்டு போடாத பொம்ம பறந்துச்சி, கண்ணால பாத்தேன்."

"பொம்மைய நம்பறான் பாரு, கர்த்தர நம்ப மாட்டறான். விசுவாசம் இல்லாதவன்தான் பெல்ட்ட போட்டுக் கட்டிக்குவான்."

நானும் வாயை அடக்கவில்லை, அவனும் அடக்கவில்லை. "இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினான். அண்ணி ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள். பிறகு அடுப்பைப் பார்க்க உள்ளே திரும்பிவிட்டார்கள். அவர்கள் மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார்டு ஷெட்டில் உட்கார்ந்து ஜெபிக்க ஆரம்பித்தேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, என் அண்ணன் மண்டையை உடைத்தாவது அவனுக்குப் புத்தியைக் கொடும். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும்." மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இதையேதான் கேட்டேன். பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் அந்த வண்டி வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆண்டவரும் அண்ணன் கட்சிதான் என்று நினைத்தேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பேசியவர் எங்கள் தெருக்காரர். காத்திவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், துறைமுகத்துக்குள் போவதற்காக வரிசையில் நிற்கிற கண்டெய்னர் டிரெய்லர் ஒன்றின் பின்னால் அண்ணன் போய் மோதிவிட்டான்.

"மூணு பேரயும் ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூட்டாங்க மாமு. வண்டிக்கு முன்பக்கமே இல்ல."

ராயபுரம் வரைக்கும் ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன். மண்டையை உடைத்தாவது என்று கேட்டவன் நான்தானே. பாவி, இதையா கேட்பாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் ஜெசி உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. கையில் ஒரு பன்.

"சித்தப்பா, அந்த பெல்ட்டு எப்டி இறுக்கிச்சு தெரியுமா? வலிக்குது" என்று என்மேல் கோபப்பட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த பெல்ட்? அவளுக்குப் பக்கத்தில் அண்ணி இருந்தார்கள். அவர்களுக்கும் கழுத்து வலியைத் தவிர ஒன்றுமில்லை.

"நீ சண்ட போட்டுகினு போன மறுநாளு மத்தியானம், அவரு வெளில போனதும், பிளேட எடுத்துக் கவர அறுத்துட்டேன். ஜெபத்துல உக்காந்தா நீ சொன்ன பொம்மதான் பறந்துகினே கீது. இன்னா பண்ண சொல்ற? அவரு பத்து நாளு என்னாண்ட பேசல. பேசாட்டி போய்யான்னு வுட்டுட்டேன்."

வராந்தாவிலேயே முழங்கால் போட்டுவிட்டேன். நான் ஷெட்டில் முதல் நாள் உட்கார்ந்த அதே மத்தியானம்! பதிலே இல்லை என்று நான் முறைத்துக்கொண்டு திரிந்த மூன்று மாதமும் அந்த பெல்ட் பிள்ளையின் மடியில் கிடந்திருக்கிறது. அண்ணன் மட்டும் பெல்ட் போடவில்லை. ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்து மூன்று விலா எலும்பு உடைந்தது. உயிர் பிழைத்தது தேவகிருபை.

ஜூனில் அவன் நெஞ்சில் கட்டோடு சபையில் மைக்கைப் பிடித்தான். எண்ணெய் பூசிய வண்டி, கர்த்தர் காத்தார், சேதம் இரும்புக்குத்தான் என்றான். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. பெல்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு எங்கிருந்துதான் பற்றிக்கொண்டு வந்ததோ, எழுந்துவிட்டேன்.

"அண்ணே, பாதிச் சாட்சி சொல்லாத!"

பாஸ்டர் ஐயா என்னைக் கையமர்த்தினார். நான் உட்காரவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி எழுந்து, ஜெசியைக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். பிள்ளையின் காலரை லேசாக விலக்கி, தோளில் குறுக்கே கன்றிப்போயிருந்த கோட்டைக் காட்டினார்கள். "இதயும் சொல்லுங்க" என்றார்கள். அண்ணன் மைக்கை வைத்துவிட்டு அழுதான். மீதியை அவன் இன்றுவரை சொல்லவில்லை.

எண்ணெயை நான் பழிக்கவில்லை. அதைப் பூச வைத்த அதே ஆண்டவர்தான் என் அண்ணி கையில் பிளேடையும் கொடுத்தார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். இப்போதெல்லாம் ஆராதனை முடிந்ததும் வாசலில் நிற்கிற வண்டிகளுக்குள் குனிந்து பார்க்கிறேன். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும். எவர் வண்டியிலாவது பெல்ட் கவருக்குள் கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து அறுத்துக் கொடுக்கிறேன். ஜெபத்தையும் விடாதீர்கள். என்னைப்போலப் பல்லைக் கடித்துக்கொண்டாவது ஜெபியுங்கள், அவர் கேட்கிறார்.

அண்ணனும் நானும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அவன் வேறு வண்டி எடுத்துவிட்டான். போன ஞாயிறு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கிளப்பும் முன் அண்ணன் நீளமாக ஜெபித்தான். முடித்துவிட்டுக் காத்திருந்தான். அண்ணியும் ஜெசியும் வாயே திறக்கவில்லை. முனகிக்கொண்டே பெல்ட்டை இழுத்து 'டக்' என்று மாட்டினான். பிறகுதான் அவர்கள் இரண்டு பேரும் 'ஆமென்' சொன்னார்கள்.